முள்செடிக்கு வந்த பங்காளி

மலை உச்சியில் ஒரு சோலைக்காடு. காட்டின் ஓரத்தில் ஒரு சுனை. சுனைக்கு மேலே பாறை இடுக்கில் துள்ளாயி என்ற முயல் குடியிருந்தது. வீட்டு வாசலில் அது ஒரு முள்செடி வளர்த்து வந்தது.

முயலுக்கு எதற்குத் தோட்டம் என்று கேட்கிறீர்களா? காட்டில் இருந்த எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். அதிலும் முள்செடி!

விதை வந்த கதை சின்னது. பனிக்காலத்தைக் கழிக்க வடக்கேயிருந்து விருந்தாளியாக வந்த ஒரு பறவை, துள்ளாயியின் வாசலில் எச்சமிட்டுவிட்டுப் பறந்துபோனது. அதிலிருந்து ஒரு முளை வந்தது. பார்ப்பதற்கு மலைப்பக்கத்து முள்செடியான ஊசிக்களா மாதிரியே இருந்தது. கணுவுக்குக் கணு மூன்று முள், கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ, வாயில் வைத்தால் புளிக்கிற சின்னப் பழம். அந்த மலையில் ஊசிக்களாவுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் இது வடக்கத்தி ஊசிக்களா. அதன் பழக்கவழக்கம் என்ன என்று யாரும் அந்தப் பறவையிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

முளையைக் கண்டால் கடிப்பது முயலின் குணம். துள்ளாயியும் கடிக்கத்தான் வாயைக் கொண்டுபோனது. முள் மூக்கில் குத்தியது.

"அப்பாடி! புல்லைத் தவிர வேறொன்றும் அறியாத என்னையே இந்தக் குத்துக் குத்துகிறதே! கறி தின்ன வருகிறவனை எப்படிக் குத்தும்!" என்று துள்ளாயி நினைத்தது. அந்த நிமிஷமே அது முளையைத் தின்னும் எண்ணத்தை விட்டுவிட்டது. முயலாகப் பிறந்து ஒரு முளையைத் தின்னாமல் விடுவது லேசான காரியம் இல்லை. நாம் பாராட்டத்தான் வேண்டும்.

அன்றிலிருந்து அது செடிக்கு வேலைக்காரி ஆகிவிட்டது. வேரில் தண்ணீர் தேங்காமல் இருக்கச் சரளைக்கல்லைத் தள்ளிக்கொண்டு வந்து போட்டது. வெயில் படவேண்டும் என்று சுற்றிலும் இருந்த புல்லை மேய்ந்து தீர்த்தது. இதில் தோட்டவேலையும் ஆயிற்று, சாப்பாடும் ஆயிற்று. செடி அவசரப்படவில்லை. மெல்ல மெல்லக் கிளைத்துப் படர்ந்து, கடைசியில் பாறை இடுக்கை முழுசாக மூடிக்கொண்டது. அடியில் மட்டும் ஒரு முயல் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நுழைகிற அளவுக்கு ஒரு சந்து.

"ஏண்டி துள்ளாயி, ஊரெல்லாம் வாசல்ல பூச்செடி வெக்குது. நீ முள்ளை வெச்சு வளக்கறயே!" என்று கேட்டது பக்கத்து மரத்துக் கொண்டைக்குருவி. அதன் பேர் கொண்டையம்மாள். ஒரு சேதி அதன் காதில் விழுந்தால் சுனைத் தண்ணீர் சுடுவதற்குள் காடு முழுக்கத் தெரிந்துவிடும்.

"பூவைப் பாத்தா நரி திரும்பிப் போயிருமாக்கா?" என்றது துள்ளாயி. "இது என் மூத்த பிள்ளை. எங்களைக் காப்பாத்தப் பொறந்த பிள்ளை!"

அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தக் காட்டில் நல்லதம்பி என்று ஒரு நரி இருந்தது. பேரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். அந்தப் பேரை அதுவேதான் தனக்கு வைத்துக்கொண்டது. ஒருநாள் நல்லதம்பி அந்தச் சந்துக்குள் தலையை விட்டது. மூக்கு முழுக்க முள்ளோடு தலையை வெளியே எடுத்தது. யாராவது கேட்டால், மூலிகை பறிக்கப் போன இடத்தில் குத்திவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்தது.

அந்த வருஷம் துள்ளாயி குட்டி போட்டிருந்தது. குட்டிகளுக்கு அப்போதுதான் ஓடத் தெரிந்திருந்தது. எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்பது இன்னும் தெரியவில்லை. அந்தச் சமயம் பார்த்துப் பனிக்காலம் வந்தது.

அதுவரை வந்த பனியெல்லாம் பேருக்கு வந்த பனி. இந்த வருஷம் வந்தது உறைபனி. விடிந்தால் புல்வெளி உப்புக் கொட்டினாற்போல் வெளுத்துக் கிடந்தது. செடியின் இலைகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. வெற்றிலை போட்ட வாய் மாதிரி செடி முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆனது.

"பாருங்கக்கா என் பிள்ளை அழகை!" என்று துள்ளாயி பூரித்துப்போனது.

பூரிப்பு நீடிக்கவில்லை. சிவந்த இலைகள் உதிர ஆரம்பித்தன. ஒருநாள் காலையில் துள்ளாயி வெளியே வந்து பார்த்தால், செடியில் ஓர் இலைகூட இல்லை. வெறும் குச்சி நின்றது.

சோலைக்காட்டு மரங்கள் வருஷம் பூராவும் பச்சையாகவே இருக்கும். மொத்த இலையும் போய் நிற்கிற மரத்தை அங்கே யாரும் கண்டதில்லை. அப்படி ஒன்று நின்றால் அதற்கு அந்தக் காட்டில் ஒரே அர்த்தம்தான். அது செத்துவிட்டது!

"ஐயோ, என் பிள்ளை போயிட்டானே!" என்று துள்ளாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதது. செடிக்காகவும் அழுதது, குட்டிகளுக்காகவும் அழுதது. எதற்கு எவ்வளவு என்று அதற்கே தெரியவில்லை.

கொண்டையம்மாள் பறந்தது. அடுத்த நாழிகையில் காடே வாசலில் கூடிவிட்டது. எல்லோருக்கும் முன்னால் நாட்டாமை கரியப்பர் வந்து நின்றார். அவர் ஒரு காட்டுப்பன்றி. நாட்டாமை என்பதால் அவரை மட்டும் நாமும் 'அவர்' என்றே சொல்லிக்கொள்வோம். 'அது' என்று சொன்னால் கோபம் வரும். கோபம் வந்தால் வாயோரத்துக் கொம்பு யார் மேல் பாய்கிறது என்று அவருக்கே தெரியாது.

நாட்டாமை செடியை மோந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அறிவித்தார்.

"செத்துருச்சு!"

கூட்டம் உச்சுக்கொட்டியது.

"செடியானாலும் பிள்ளைன்னு சொல்லி வளத்தவ இவ. அதனால முறைப்படிதான் எடுக்கணும். ஆளுக்கொரு கிழங்கு கொண்டாங்க. சாவுச் சோறு இல்லாம எந்தச் சாவும் முழுசாவறதில்லை!" என்றார் நாட்டாமை. துக்கத்திலும் அவருக்குப் பசி தெளிவாக இருந்தது.

இலைதான் போயிருந்தது. முள் ஒன்றுகூடப் போகவில்லை. வந்த கூட்டத்தில் இதைக் கவனித்த ஒரே ஆள், புதருக்குப் பின்னால் ஒளிந்திருந்த நல்லதம்பி. குச்சியாக நின்றாலும் முள் முள்தான், அது நிற்கிற வரை உள்ளே போக முடியாது என்று நரிக்குத் தெரியும். ஆனால் அதை எடுத்துவிட்டால்? எடுப்பதற்குக் காடே கூடி நிற்கிறது! யாராவது கொஞ்சம் அவசரப்படுத்தினால் போதும்.

நல்லதம்பி ஓடிப்போய் நாலு காட்டுப்பூவைக் கொடியில் கோத்து மாலையாக்கிக்கொண்டு வந்தது. வரும்போதே ஒப்பாரி வைத்தது.

"ஐயோ பங்காளி! என்னைத் தனியா உட்டுட்டுப் போயிட்டயே பங்காளி!"

நரியைக் கண்டதும் துள்ளாயிக்கு அழுகை நின்றுபோனது. ஓடிப்போய்ச் சந்துக்கு முன்னால் நின்றுகொண்டது.

"நில்லு! நீ எங்க வர்ற?"

"தள்ளு துள்ளாயி! துக்கத்துக்கு வந்தவங்களை வாசல்ல மறிக்கக் கூடாது. அது நம்ம காட்டு முறை," என்றார் நாட்டாமை. பிறகு நரியைப் பார்த்தார். "அதுசரி, நீ எப்பிடிப்பா இதுக்குப் பங்காளி?"

"என்னங்க நாட்டாமை இப்பிடிக் கேட்டுட்டீங்க! இவன் பாட்டன் வடக்கேயிருந்து வந்தவரு. எம் பாட்டனும் வடக்கேயிருந்து வந்தவரு. ரெண்டு பேருக்கும் ஒரே குலசாமி!"

"செடிக்கு ஏதுப்பா குலசாமி?" என்றது கொண்டையம்மாள்.

"அதைக் கும்புடாமத்தானே இந்த வயசுல போயிட்டான்!" என்று நரி நெஞ்சில் அடித்துக்கொண்டது.

இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? கூட்டம் தலையாட்டியது. நாட்டாமையும் தலையாட்டினார். சாவு வீட்டில் பங்காளி என்று ஒருவன் வந்துவிட்டால் சோறு சீக்கிரம் ஆகும் என்பது அவர் அனுபவம்.

நல்லதம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டது. "பொணத்தை வாசல்ல வெச்சுக்கிட்டு ஊரு தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுங்க. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துரலாம். நாட்டாமை ஒரு முட்டு முட்டினா வேரோட வந்துரும். பங்காளி நான் சொல்றேன், எடுங்க!"

"எடுத்துட்டா எங்குட்டிகளுக்கு யாருங்க காவல்?" என்று துள்ளாயி கதறியது.

"ஏன் அண்ணி, நான் இல்லியா?" என்றது நரி. "சித்தப்பன் நான் இருக்கறப்போ உனக்கென்ன கவலை? குட்டிகளை நான் பாத்துக்கறேன். ஒண்ணுகூட விடாம பாத்துக்கறேன்!"

சொல்லும்போதே அதன் வாயோரம் ஈரமாகிவிட்டது. அது அழுகிறது என்று நினைத்துக் கொண்டையம்மாளும் கூடச் சேர்ந்து அழுதது.

துள்ளாயி குட்டிகளைத் திரும்பிப் பார்த்தது. செடி போனால் இன்று ராத்திரியே குட்டிகள் போய்விடும். தான் ஒருத்தி எத்தனை நேரம் சந்து வாயை அடைத்துக்கொண்டு நிற்பது? ஓடிப்போகலாம் என்றால் குட்டிகளுக்குத் திசை தெரியாது. என்ன செய்வதென்று அதற்குப் புரியவில்லை. கொஞ்சம் நேரமாவது கிடைக்கட்டும் என்று ஒன்று கேட்டது.

"நாட்டாமை ஐயா, எடுக்கறதுக்கு முன்னாடி பிள்ளையைக் குளிப்பாட்டிக்கறனுங்க."

"நியாயம். முறைதான். குளிப்பாட்டு," என்றார் நாட்டாமை.

துள்ளாயி சுனைக்குப் போய் இரண்டு காதையும் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்தது. முள்ளுக்கு இடையில் பார்த்துப் பார்த்துக் காதை நுழைத்து, அடித்தண்டைத் துடைத்தது. கண்ணீர் மறைத்ததால் கொஞ்சம் அழுத்தித் துடைத்துவிட்டது. பட்டை ஓரிடத்தில் உரிந்தது. உள்ளே பார்த்தால் மஞ்சள்! அரைத்த மஞ்சளைப் பூசினாற்போல் பளீரென்ற மஞ்சள்!

'நான் இன்னும் மஞ்சள் பூசவே இல்லையே!' என்று துள்ளாயி திகைத்தது. பல்லால் லேசாகச் சுரண்டிப் பார்த்தது. ஈரமாக இருந்தது. கசப்பு உச்சந்தலைக்கு ஏறியது. செத்த குச்சி இப்படியா இருக்கும்? அது கிளைகளை உற்றுப் பார்த்தது. ஒவ்வொரு முள்ளின் இடுக்கிலும் கடுகளவில் ஒரு மொட்டு, இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"உசுரு இருக்கு!" என்று துள்ளாயி துள்ளிக் குதித்தது. "நாட்டாமை ஐயா, எம் பிள்ளை சாகலைங்க! இலைதானுங்க உதுந்திருக்கு! வந்து பாருங்க, உள்ள ஈரமா இருக்கு!"

கூட்டம் சலசலத்தது. நாட்டாமை நகரவில்லை. அவர் முகம் கறுத்தது. ஏற்கெனவே கறுப்புதான், இன்னும் கறுத்தது.

"துள்ளாயி! செத்துருச்சுன்னு நான் சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்க."

"காட்டுக்கு முன்னாடி சொன்னனா?"

"சொன்னீங்க."

"அப்பறம் அது உசுரோட இருந்தா எம் பேச்சு என்னாகறது? நான் செத்துருச்சுன்னு சொன்னா செத்துருச்சுதான்! உசுரு இருக்கறது இல்லாததெல்லாம் அதும் பாடு!"

"சரியாச் சொன்னீங்க!" என்றது நரி. "பெத்த பாசம் அண்ணியை அப்பிடிப் பேச வெக்குது. எடுங்க நாட்டாமை!"

துள்ளாயி சுற்றிலும் பார்த்தது. ஒருவராவது பக்கத்தில் வந்து அந்த மஞ்சளைப் பார்க்கவில்லை. எல்லோர் கையிலும் கிழங்கு இருந்தது. உண்மையைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று அதற்குத் தெரிந்துபோயிற்று. வாய்க்கு வாய் முறை முறை என்கிறார்களே, சரி, அந்த முறையையே பிடித்துக்கொள்வோம் என்று அது முடிவு செய்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அழ ஆரம்பித்தது.

"தப்பாப் பேசிட்டனுங்க நாட்டாமை. நீங்க சொன்னா செரிதான். எம் பிள்ளை செத்துட்டான். ஆனா ஒண்ணுங்க. பங்காளி குத்துக்கல்லாட்டம் நிக்கறப்போ, ஊரு மொதல்ல கை வெக்கறது முறைங்களா?"

முறை என்று கேட்டதும் நாட்டாமை நெஞ்சை நிமிர்த்தினார். அவருக்குக் கிழங்குக்கு அடுத்தபடி பிடித்தது முறைதான்.

"கூடாது! கூடவே கூடாது! பங்காளிதான் கட்டிப்புடிச்சு அழணும். பங்காளிதான் மொதக் கை வெச்சு எடுக்கணும். அவன் எடுத்துக் குடுத்தாத்தான் ஊரு தோள் குடுக்கும். நல்லதம்பி, வாப்பா! கட்டிப்புடி!"

நல்லதம்பி திருதிருவென்று விழித்தது. "நானுங்களா? எனக்குத் துக்கம் நெஞ்சை அடைக்குதுங்க. கிட்டப் போனா மயக்கம் போட்டுருவேன்."

"மயக்கம் போட்டாத் தண்ணி தெளிக்க நாங்க இருக்கறோம். புடிப்பா!"

கூட்டம் வழிவிட்டது. பின்னால் நாட்டாமையின் கொம்பு, முன்னால் செடியின் முள். கண்ணை மூடிக்கொண்டு நல்லதம்பி செடியைக் கட்டிப்பிடித்தது.

"ஐயோ! அம்மா! ஐயையோ!"

"அடடா, என்ன பாசம்!" என்றது கொண்டையம்மாள். "எங்க வீட்டுச் சாவுலகூட இப்பிடி ஒருத்தரும் அழுகலையே!"

"இன்னுங் கொஞ்சம் இறுக்கிப் புடிச்சுக்கங்க கொழுந்தனாரே," என்றது துள்ளாயி. "இனிமேல் பாக்கவா போறீங்க?"

அடுத்து, எடுக்கவேண்டும். நரி தண்டை வாயால் கவ்வி இழுத்தது. வாயில் முள் ஏறியது. காலால் பறித்தது. காலிலும் ஏறியது. செடி அசைந்துகொடுக்கவில்லை. துள்ளாயி கொட்டிவைத்த சரளைக்கல்லுக்கு அடியில் வேர் எவ்வளவு தூரம் போயிருந்ததோ! பார்த்துக்கொண்டிருந்த நாட்டாமைக்குப் பொறுக்கவில்லை. முட்டுவதற்குத் தலையைக் குனிந்தார்.

"ஐயா!" என்று துள்ளாயி பதறியது. "முறை தெரிஞ்ச நீங்களே முறையை மீறினா, காடு என்னங்க ஆகறது?"

நாட்டாமை தலையை நிமிர்த்திக்கொண்டார். "நல்ல வேளை ஞாபகப்படுத்தினே," என்றார்.

நல்லதம்பிக்கு மூச்சு வாங்கியது. முயல் கறி ஆசையே அதற்கு விட்டுப்போயிற்று. "இன்னிக்கி ஒடம்புக்கு முடியலைங்க. நாளைக்கி வந்து எடுத்துத் தர்றேன்," என்று நொண்டிக்கொண்டு நழுவப் பார்த்தது.

இங்கேதான் துள்ளாயி கொஞ்சம் யோசித்தது. நரி இன்று போனால் நாளை வேறு தந்திரத்தோடு வரும். ஒளிந்திருக்கிற நரியைவிட எல்லோர் கண்ணுக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிற நரி மேல். பயத்தை விழுங்கிக்கொண்டு கேட்டது.

"எங்க போறீங்க கொழுந்தனாரே? பங்காளிக்குத் தீட்டு இல்லீங்களா? எடுத்துக் காரியம் முடியற வரைக்கும் துக்க வீட்டு வாசலை உட்டுப் போகலாமுங்களா? கவுச்சி தொடலாமுங்களா?"

"தொடக் கூடாது!" என்று நாட்டாமை உறுமினார். "வாசலை உட்டும் போகக் கூடாது!"

நழுவப் பார்த்த நல்லதம்பி சட்டென்று திரும்பியது. "கவுச்சி இல்லாம நான் எப்பிடிங்க... இல்லைங்க நாட்டாமை, நல்லா யோசிச்சுப் பாத்தா, நாங்க அவ்வளவு நெருங்கின சொந்தம் இல்லைங்க. சொல்லப்போனா சொந்தமே..."

"சொந்தமே?" என்று கேட்டு நாட்டாமை ஓரடி முன்னால் வந்தார். கொம்பு வெயிலில் பளபளத்தது. "சொந்தம் இல்லாமயா துக்க வீட்டுல பொய் சொல்லி நுழைஞ்சே?"

"ஐயோ, சொந்தமுங்க! ஒரே குலசாமிங்க! ரொம்ப நெருங்கின பங்காளிங்க!" என்று நரி அலறிக்கொண்டு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டது.

பனிக்காலம் முழுவதும் நல்லதம்பி அங்கேயே கிடந்தது. தினமும் காலையில் நாட்டாமை வந்து, "எடுத்தாச்சா?" என்று கேட்பார். நரி ஒருதரம் இழுக்கும். முள் குத்தும். ஓலமிடும். துக்கம் விசாரிக்க வந்தவர்கள், "இத்தனை நாளாகியும் துக்கம் ஆறலை பாருங்க!" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சாவுச் சோற்றைத் தனக்குத் தெரியாமல் யாரும் முடித்துவிடக் கூடாது என்று, நாட்டாமை வாசலுக்குக் கீழே சுனைச் சேற்றிலேயே படுக்கை போட்டுக்கொண்டார். அவர் கொம்புக்குப் பயந்து நரி ராத்திரியிலும் நகரவில்லை.

துள்ளாயி முறையில் ஒரு குறையும் வைக்கவில்லை. நேரத்துக்கு நேரம் புல்லைக் கடித்துவந்து எட்ட நின்று நரிக்கு முன்னால் போட்டது.

"சாப்பிடுங்க கொழுந்தனாரே. சாப்பிட்டாத்தான அழுகத் தெம்பு வரும்?"

நரி புல்லைத் தின்றது. வேறு வழி? தின்றுவிட்டு இருமியது. சந்துக்குள் தெரிகிற குட்டிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது.

"அம்மா, சித்தப்பா ஏன் எங்களையே பாக்கறாரு?" என்று ஒரு குட்டி கேட்டது.

"பாசம் கண்ணு. நீ உள்ளயே இரு."

துள்ளாயி தைரியசாலி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நரி கொட்டாவி விட்டால்கூட அது சந்துக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். அந்த மொட்டுகள் விரிவதற்குள் நாட்டாமைக்குப் பொறுமை போய்விட்டால் என்ன ஆவது? அல்லது மொட்டுகள் விரியாமலே போய்விட்டால்? தினமும் விடிந்ததும் முதல் வேலையாக அது மொட்டுகளைத்தான் பார்த்தது. பார்த்துவிட்டு மறக்காமல் அழுதது.

இதில் ஒரு வேடிக்கை. ஒருநாள் காட்டுப்பூனை ஒன்று முயல்குட்டியின் வாசம் பிடித்து அந்தப் பக்கம் வந்தது. வாசலில் நரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தது. "ஓகோ, இந்த வீட்டுக்கு நரி காவலா!" என்று வந்த வழியே திரும்பிப்போனது. குட்டிகளை ஒன்றுகூட விடாமல் பார்த்துக்கொள்வதாக நல்லதம்பி சொன்ன வாக்கு, அதன் விருப்பம் இல்லாமலே நிறைவேறிக்கொண்டிருந்தது.

பனி விலகியது. வெயில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் கொண்டையம்மாள் கிளையில் உட்கார வந்து, உட்காராமலே கத்தியது.

"இலை! இலை! பொணம் துளுத்துருச்சு!"

காடு ஓடிவந்தது. குச்சி முழுக்கப் பொடிப் பொடியாகப் பச்சை. சந்தேகத்துக்கே இடம் இல்லை. இத்தனை நாள் பொய்யாக அழுத துள்ளாயிக்கு நிஜமான அழுகை அப்போதுதான் வந்தது. தன் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று அது விழுந்து புரண்டு அழுதது.

எல்லோரும் நாட்டாமையின் முகத்தைப் பார்த்தார்கள். செத்தது என்று சொன்னவர் அவர்தானே! நாட்டாமை செடியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"நான் சொன்னது சரிதான். அன்னிக்கி அது செத்தது செத்ததுதான். பொறகு இந்தப் பங்காளி இருந்தானே நோன்பு, அந்த நோன்புல திரும்பி உசுரு வந்துருச்சு! கவுச்சி தொடாம, வாசலை உடாம, தினம் கட்டிப்புடிச்சு அழுது... நல்லதம்பி, நீ மகான்யா!"

"மகான்! மகான்!" என்று காடு ஆர்ப்பரித்தது. இவ்வளவு புகழ்ச்சியை நல்லதம்பி பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. எலும்பும் தோலுமாக இருந்தாலும் அதற்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அசடு வழியச் சிரித்தது.

"எல்லாம் உங்க ஆசீர்வாதம். செத்தவன்தான் பொழைச்சுக்கிட்டானே, அப்ப எனக்குத் தீட்டு முடிஞ்சுதுங்களா? நான் போலாமுங்களா?"

துள்ளாயி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டது.

"எனக்கு ஒரு பயமுங்க நாட்டாமை. நோன்புல வந்த உசுரு, நோன்பை உட்டாப் போயிருமில்லீங்களா?"

நாட்டாமை தொடையில் தட்டினார்.

"ஆமா! போயிருமே! போனா மறுபடி செத்துருச்சுன்னு நான் சொல்லணுமே! இங்க பாரப்பா நல்லதம்பி, இனிமேல் ஆயுசுக்கும் உனக்குக் கவுச்சி கெடையாது. இந்த வாசலை உட்டு நீ நகரவும் கூடாது. துள்ளாயி, மகானுக்குப் புல்லைப் போடு!"

நல்லதம்பி புல்லைப் பார்த்தது. நாட்டாமையைப் பார்த்தது. செடியைப் பார்த்தது. அதற்கு என்ன வந்ததோ, காடே அதிரக் கத்தியது.

"பங்காளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை! குலசாமியும் இல்லை, பாட்டனும் இல்லை! எங்க பரம்பரையிலயே செடி கெடையாது! முயல் கறிக்கு ஆசைப்பட்டு வந்தேன், போதுமா? ஆளை விடுங்க!"

கத்திவிட்டு வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு ஓடியது. "துக்க வீட்டுல பொய்யா!" என்று நாட்டாமை கொம்பைத் தாழ்த்திக்கொண்டு பின்னாலேயே துரத்தினார். மலை முகடு வரைக்கும் துரத்தினார். நரி அடுத்த மலைக்குப் போன பிறகும் நிற்கவில்லை, அதற்கும் அடுத்த மலைக்குப் போய்விட்டது என்று கேள்வி. அங்கே போயும், யாராவது உறவு சொல்லிப் பேச வந்தால் அது எழுந்து ஓடிவிடுகிறதாம்.

நாட்டாமை மூச்சிரைக்கத் திரும்பிவந்து, செத்துப் பிழைத்ததற்கும் ஒரு விருந்து உண்டு என்று ஒரு புது முறையைக் கண்டுபிடித்தார். கிழங்கு வந்தது. துள்ளாயியின் குட்டிகள் அன்றுதான் முதல்முதலாகச் சந்துக்குள்ளிருந்து வெளியே வந்து வெயிலில் புல் மேய்ந்தன.

இல்லாத உறவை உரிமைக்காகச் சொல்லிக்கொண்டு வருகிறவன், அந்த உறவின் கடமையையும் தன் தலையிலேயே கட்டிக்கொள்கிறான்.